பதினேழாம் வீட்டின் மூச்சு

கண்காணிப்பு மையத்தில் ஜெசிந்தாவின் திரையில் நாற்பது வீட்டு வென்டிலேட்டர்களின் மூச்சு ஓடியது. காற்று ஏறும் கோடும் இறங்கும் கோடும் நடுவில் இடைவெளி விட்டு வளைந்தால் அது மனித நுரையீரல். பதினேழாம் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த பூபாலனுக்கோ காலையிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டு நேராகப் போயின. கருவியைச் சோதிக்க அதனுடனே கொடுத்திருக்கும் ரப்பர் பையை மாட்டினால்தான் கோடு அப்படி விழும். மூச்சு நின்ற வீட்டிலிருந்து கருவியை அன்றைக்கே எடுத்துப்போய்விடுவார்கள்.

ஜெசிந்தா அவர் மனைவி கோமளத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, சார் எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, நல்லாத் தூங்குறாரு."

"காலைலேர்ந்து ஒரு தடவைகூட இருமலையே?"

மறுமுனையில் கோமளம் போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ரப்பர் பையைக் கையால் அமுக்கினால் துள்ளுவதுபோல, திரையில் கோடு இரண்டு முறை துள்ளியது.

"இப்ப இருமுறாரு பாரும்மா" என்றாள் கோமளம்.