ஏசாத நாள்

“அம்மா, நான் குவைத்துக்குப் போறன். வீட்டு வேலைக்கு.”

யதுர்ஷிகா வாசலில் நின்றபடியே சொன்னாள். வெளியே அவள் வந்த ஓட்டோ நின்றது. ஜெயரூபி மகளைக் கண்டு எட்டு மாதம்.

“இரு பிள்ளை. தேத்தண்ணி கொண்டு வாறன்.”

குசினிக்குள் போனாள். பிரிட்ஜைத் திறந்து இரண்டு ஐஸ்கட்டிகளை எடுத்து உள்ளங்கையில் இறுக்கினாள்.

மனநலக் கிளினிக்கில் மிஸ் சொல்லிக்கொடுத்தது அது. கோபம் தலைக்கேறினால் முதலில் குளிர். பிறகு மூச்சு. பிறகு, கோபம் எதைச் செய்யச் சொல்கிறதோ அதற்கு எதிரானதைச் செய்வது. எட்டு மாதத்துக்கு முன் அவள் எறிந்த சட்டி மகளின் காதோரமாகப் போய்ச் சுவரில் உடைந்தது. அன்றே யது வவுனியாவில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வியாழக்கிழமை ஜெயரூபி கிளினிக்குக்குப் போனாள். அதன் பிறகு ஒரு வியாழனும் தவறவில்லை.

ஐஸ் உருகி முழங்கைவரை வடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியோடு வந்தாள்.

“எப்ப பயணம்?”

“நாளைக்குப் பிளேன். இப்ப மாங்குளத்துக்குப் போய்க் கொழும்பு பஸ் எடுக்கோணும்.”

“சரி.”

“சரியோ?”

“ஓம்.”

யது தாயின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஏஜென்சிக்காரன் ஆர் எண்டு கேக்கேல்லை?”

“நீ விசாரிச்சிருப்பாய்.”

“ஒண்டும் விசாரிக்கேல்லை. பேஸ்புக்கில பிடிச்சன்.”

ஜெயரூபி மூச்சை உள்ளே இழுத்தாள். நான்கு எண்ணினாள். வெளியே விட்டாள். ஆறு எண்ணினாள்.

“என்னம்மா ஊதுறியள்? தேத்தண்ணி சுடுதோ?”

“இல்லை, பிள்ளை.”

“அங்க பாஸ்போட்டைப் பறிச்சு வைப்பினமாம். ரெண்டு வருசத்துக்கு வரேலாது. நீங்கள் செத்தாலும் வரேலாது.”

“அப்பிடித்தான் எண்டால் என்ன செய்யிறது?”

“முந்தியெண்டால் இதுக்குள்ள பக்கத்து வளவுச் சனமெல்லாம் வேலியில நிண்டிருக்கும்.”

“அது முந்தி.”

“கிளினிக்குக்குப் போறியள் எண்டு சித்தி சொன்னவா. மருந்து ஏதும் தருகினமோ?”

“மருந்தில்லை. பழக்கம்.”

‘போகாதை’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. கோபத்துக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று பார்த்து, அதை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றும் மிஸ் சொல்லியிருந்தார். ஆனால் அந்தச் சொல்லை ஜெயரூபி ஒருநாளும் மெதுவாகச் சொன்னதில்லை. கணவன் வீட்டை விட்டுப் போனபோதும் கத்தித்தான் சொன்னாள். ஏச்சோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

“உன்ர முடிவு, பிள்ளை. கவனமாப் போ.”

யது தேத்தண்ணியைத் தொடவேயில்லை. அதில் ஆடை படிந்தது.

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

“அப்ப சரி. போட்டு வாறன்.”

ஓட்டோச் சத்தம் அடங்கியதும் ஜெயரூபி கிளினிக்கில் தந்த தினக்குறிப்பு அட்டையை எடுத்து எழுதினாள். இன்றைய கோபம்: பத்துக்குப் பத்து. ஏசியது: இல்லை. எறிந்தது: இல்லை. அப்படியொரு நாள் அந்த அட்டையில் இதற்கு முன் இருந்ததில்லை. அதன் பிறகுதான் அழுதாள்.

பொழுதுபடும்போது ஓட்டோக்காரன் றிப்னாஸ் மாங்குளத்திலிருந்து திரும்பி வந்து படலையடியில் நிறுத்தினான்.

“பஸ் ஏத்திவிட்டனான், அக்கா. யன்னல் சீற்று.”

“அழுதவளோ?”

“மாங்குளம் போய்ச் சேருமட்டும்.”

“எனக்கும் அவளை அனுப்ப விருப்பமில்லை, தம்பி. ஏசினால் பிறகு இந்த வாசலே மிதிக்காள் எண்ட பயத்தில வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்.”

றிப்னாஸ் ஓட்டோவின் எஞ்சினை நிற்பாட்டினான்.

“என்னக்கா சொல்லுறியள்? ‘றிப்னாஸ் நானா, கொஞ்ச நேரம் நில்லுங்கோ, அம்மா ஏசத் தொடங்கின உடன நீங்கள் போயிடுங்கோ, நான் இஞ்சையே நிண்டிடுவன்’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் அவா உள்ளுக்கு வந்தவா. அரை மணித்தியாலமா நானும் காதைக் குடுத்துக்கொண்டு இருந்தனான்.”