மேடாக்கிய மனை

சாப்பாட்டு மேசைமேல் சுவனீ. மாடிப்படியில் அவள் தம்பி விராத். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு நாற்காலிகளில், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பூன்மா. தரையில் முழங்கால் அளவு தண்ணீர். பாங் புவா தோங் ஊரில் மழை விட்டும் அது வடியவில்லை.

"எல்லாம் அந்தப் பக்கத்து மனையால வந்த வினை," என்றார் பூன்மா. "காலி மனைக்கு எதுக்கு ரோட்டு உயரத்துக்கு மண்ணு?"

"அப்பதான் விலை ஏறும்ணே," என்றாள் சுவனீ அலுப்புடன். "பள்ளமா கிடந்தா எவனும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்."

"அவனுக்கு விலை ஏறணும்னு நம்ம அடுப்படியில மீன் ஏறணுமா? வடிகால் வெட்டச் சொல்லி முனிசிபல் ஆபீசுக்கு எழுதும்மா. மண்ணைக் கொட்டின மகராசன் பேரையும் போடு."

விராத் அக்காவைப் பார்த்தான்.

"மகராசன் இல்லண்ணே, மகராசி. நான்தான்," என்றாள் சுவனீ. "போன கோடையில மேடாக்கி வித்தேன். அம்மா கட்டின இந்த வீட்டை விக்காம காப்பாத்தத்தான்."

பூன்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "வாங்கினவர்கிட்ட வடிகாலுக்கு இடம் கேட்டியா?"

"கேட்டேன். இடம் வீணாகுமாம்."

சுவனீ எழுதினாள், ஆபீசுக்கு அல்ல, மனையை வாங்கியவருக்கு. இந்த வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் காலி செய்ததும் இடித்துவிட்டு மண் கொட்டிக்கொள்ளலாம் என்று முடித்தாள். உறையை நாவால் நனைத்து ஒட்டித் தம்பியிடம் நீட்டினாள். அவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தபால் நிலையத்துக்கு நடந்தான்.