நாலு மூட்டை வேர்

"நைனாரே, கட்டி கரைஞ்சிடுச்சு!"

செஞ்சிக் கடைவீதியே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு பாண்டுரங்கன் மூலிகைக் கடைக்குள் நுழைந்தான். மெட்ராஸ் கல்லூரியில் தாவர மருந்து ஆராய்ச்சி செய்பவன்.

"எந்தக் கட்டி தம்பி?" என்றார் கடைக்காரர் புஷ்பதந்த நயினார். சமணர். கடையில் பூண்டுகூட விற்கமாட்டார். பூண்டு இல்லாத மருந்துக்கடையா என்று ஊரே கேலி செய்யும்.

"ஆராய்ச்சி எலிக்குத்தான்! புராஸ்டேட் சுரப்பியில புத்துநோய். நாலு வருஷமா நூறு செடி பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. போன மாசம் நீங்க தபால்ல அனுப்பின பொடி பாதியாக் கரைச்சிடுச்சு!"

"எலிங்க சாவலியே?"

"குதிக்குதுங்க!"

நயினார் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

பாண்டுரங்கன் கல்லாவை ஒட்டி வந்து நின்றான். "அவலூர்பேட்டையில எங்கப்பாவுக்கும் அதே நோய்தான். மூத்திரம் பிரியாம துடிக்கிறாரு. மூணு மாசம்னு டாக்டர் கைவிரிச்சிட்டாரு. எங்க புரொபசர் இன்னும் ரெண்டு பரிசோதனை முடிஞ்சா அப்பாவுக்கே குடுத்துப் பார்க்கலாம்னுட்டாரு. இனிமே எனக்கு இன்னா கவலை!"

"நல்ல சேதி சொன்னீங்க தம்பி. இன்னும் எவ்வளவு பொடி வேணும்?"

"உங்களுக்கு இன்னாத்துக்குச் சிரமம்? அந்தச் செடி ராஜகிரி மலைக்குப் பின்னாடிச் சரிவுல மட்டும்தான் இருக்குதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? விடிஞ்சதும் எட்டு ஆளை வச்சுத் தோண்டிட்டேன். ஒண்ணு விடல. பாருங்க, நாலு மூட்டை வேர்!"

வாசலில் நின்ற மாட்டுவண்டியைப் பெருமையாகக் காட்டினான்.

நயினார் முகம் வெளுத்தது. "தழையெல்லாம்?"

"தழை எதுக்கு? அங்கேயே போட்டோம். ஆட்டு மந்தை வந்து ஒரு இலை பாக்கியில்லாம மேய்ஞ்சிட்டுப் போயிடுச்சு. ஏன் நைனாரே, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

நயினார் தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேர்ப்பொடி வேணும்னு எழுதியிருந்தீங்க. மறுக்க மனசு வரல. ஆனா வேரைப் புடுங்கினா செடி உயிர் போயிடும், எங்களுக்கு அது பாவம். வேரானா என்ன, இலையானா என்ன, ஒரே செடிதானேன்னு கீழே உதிர்ந்து கெடந்த இலையைத்தான் பொறுக்கி இடிச்சு அனுப்பினேன் தம்பி."