ஒரு நொடிப் பார்வை

இது இங்கேயே செத்துப்போகட்டும், என் கையிலேயே சாகட்டும் என்று நினைத்துக்கொண்டாள் சிர்பா. நினைத்த மறுகணமே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த ஆசையை விட மனம் வரவில்லை.

வடகோடி நாட்டின் உறைந்த கடல்மேல் பனிச்சறுக்குத் தடம் நேராகப் போயிற்று. தாழ நின்ற நடுப்பகல் சூரியன் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. குளிர் மைனஸ் இருபத்தாறு டிகிரி. ஒரு திரையைக் கொல்வதற்கு இதைவிடத் தோதான நாள் கிடைக்காது.

விளையாட்டு வீரர்கள் கட்டும் கடிகாரங்களைச் செய்யும் கம்பெனியில் அவள் சோதனைப் பிரிவின் தலைவி. அவள் கையெழுத்து விழாமல் எந்தத் திரையும் கடைக்குப் போனதில்லை. இத்தனை வருடம் விற்ற மங்கல் திரை வெயிலில் நன்றாகத் தெரியும், ஒரு மாதம் சார்ஜ் நிற்கும். ஆனால் பார்க்க அழுமூஞ்சி. இளசுகள் கேட்கிற பளபளப்பான அமோலெட் திரை கண்ணைப் பறிக்கும், நாலே நாளில் படுத்துவிடும். மூன்றாவதாக வந்திருப்பது இந்தப் புதுத் திரை. இதில் ஒவ்வொரு புள்ளியும் கடுகைவிடச் சின்ன ஒரு விளக்கு. அடுத்த பத்து வருடம் எதை நம்பிக் கடிகாரம் செய்வது என்பதை இன்று அவள்தான் சொல்ல வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவன் அதே கம்பெனியில் வேலை செய்யும் இல்போ. பதினெட்டு வருடம் அவளுக்குக் கணவனாக இருந்தவன். அதில் எட்டு வருடத்தை இந்தத் திரைக்கே கொடுத்துவிட்டு, அது ஒளிரத் தொடங்கிய வருடம் வேறொருத்தியோடு போய்விட்டான்.

"இன்னிக்கு உனக்குத் திருநாள்தான்டி," என்றாள் எண்களைக் குறிக்க வந்திருந்த ஹெல்மி. "அவனைத்தான் ஒண்ணும் பண்ண முடியல. அவன் பெத்ததையாவது ஒரு கை பாரு."

"வாயை மூடிட்டு நோட்டைத் திற."

இல்போ கடிகாரத்தோடு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், "கோட்டுக் கைக்கு மேல கட்டிக்கோ," என்றான்.

"மேலயா? உடம்புச் சூடே படாது. பேட்டரி விறைச்சுடும்."

"குளிர்ல நம்ம ஜனங்க அப்படித்தானே கட்டுறாங்க? சோதனை விதியும் தடுக்கலையே."

தன் திரைமேல் அவ்வளவு திமிரா என்று எண்ணியபடி பட்டையை இறுக்கினாள்.

சோதனை எளிமையானது. மார்பில் கட்டிய பட்டி அனுப்பும் நாடித்துடிப்பு கடிகாரத்திலும் ஹெல்மியின் கருவியிலும் தெரியும். சறுக்கும் வேகம் குறைக்காமல், ஒரே ஒரு நொடி பார்த்துவிட்டு எண்ணைக் கத்த வேண்டும். இரண்டு மணி நேரத்தில் இருபது தடவை. மூன்று தப்பானால் திரை தோற்றது.

"நூத்தி முப்பத்தொண்ணு!"

"சரி!" என்று கத்தினாள், பக்கத்தில் சறுக்கிக்கொண்டு வந்த ஹெல்மி.

ஒவ்வொரு தடவையும் தெரியக் கூடாது என்ற ஆசையோடுதான் சிர்பா பார்த்தாள். ஏழாவது தடவை வேண்டுமென்றே கையை வெயிலுக்கு நேரே திருப்பினாள். அப்போதும் எண் தெளிவாக நின்றது.

பன்னிரண்டாவதில் தப்பாகச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். மூன்று பொய் போதும், வேண்டுமென்றே சொன்னது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. வாயிலிருந்து சரியான எண்தான் வந்தது. ஏன் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. தன்னை விட்டுவிட்டு அவன் செய்தது உருப்படாமல் போயிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அது இவ்வளவு நன்றாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இல்போ காத்திருந்த கரைக் குடிலுக்குத் திரும்பியதும் ஹெல்மி விறகு எடுக்கப் பின்பக்கம் போனாள். சிர்பா கையுறையைக் கழற்றி, மரத்துப்போன விரல்களால் படிவத்தில் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே தாளை நீட்டினாள்.

அவன் தாளை வாங்கிக்கொண்டான். திரும்பினாள். இல்போவின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன எழுதியிருக்கே?"

"இருபதுக்கு இருபது. வேற என்ன எழுதணும்?"

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இது தோக்கணும் சிர்பா. கம்பெனி வேண்டாம்னு கைகழுவினா உரிமை எனக்கே திரும்பி வந்துடும். வெளியில ஒருத்தன் வாங்கிக்கத் தயாரா இருக்கான். எனக்கு இது ஒரு புது வாழ்க்கை."

"தோக்கணும்னா எதுக்கு என்கிட்ட வந்தே?"

"வேற யாரு பண்ணினாலும் பாஸ் போட்டுடுவாங்க. நீ ஒருத்திதான் கண்ணை மூடிட்டுத் தோக்கடிப்பேன்னு... உன்னைத்தான் போடணும்னு நானே மேலிடத்துல கேட்டு வாங்கினேன்."

அவளுடைய வெறுப்பைக்கூட ஓர் உதிரிப்பாகம்போல எடுத்து, அளவு பார்த்துப் பொருத்தியிருக்கிறான். பதினெட்டு வருடத்தில் அவளைப் பற்றி அவன் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

அவன் பையிலிருந்து எழுதாத படிவம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "ஹெல்மி வர்றதுக்குள்ள புதுசா ஒண்ணு எழுதிடு. அவ நோட்டை யாரும் கேட்க மாட்டாங்க, உன் கையெழுத்தைத்தான் பார்ப்பாங்க. இதுவரைக்கும் உன்கிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல."

சிர்பா அந்தத் தாளை மெல்ல அவன் பக்கமே தள்ளினாள்.

"ரொம்ப நல்லா இருக்கு இல்போ, உன் திரை."