உபயம்: நாச்சிமுத்து

அரசின் சூதாட்டச் செயலியில் அந்த வட்டாரத்தில் அதிகம் தோற்றவர்களின் பெயர்களை, அந்தப் பணத்தில் கட்டிய வகுப்பறைகளின் மேல் ‘உபயம்’ என்று எழுதுவது வழக்கமாகியிருந்தது. எழுதுபவள் பாவாத்தாள். அன்றைய பட்டியலில் முதல் பெயர் நாச்சிமுத்து. போன ஆவணியில் கிணற்றில் மிதந்த அவளுடைய கணவன்.

ஏணியில் நின்று வெகுநேரம் வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெருமைதானே அம்மிணி? உன்ற வூட்டுக்காரர் பேருல ஒரு ஸ்கூல் ரூமு,” என்றார் கீழே நின்ற ஓவர்சியர்.

“ஆமாங்க. செத்தவரு பேரு. தப்பில்லாம எழுதோணும்.”

அவள் எழுதி முடித்ததும் ஓவர்சியர் அண்ணாந்து படித்தார்: ‘நாச்சிமுத்துவிடம் அரசாங்கம் பறித்தது.’

சுற்றும்முற்றும் பார்த்தார்.

“அழிச்சுரு. இல்லீன்னா நாளையிலிருந்து உனக்கு இந்த வேலை இல்ல.”

“நீங்களே அழிங்க. பெயிண்டு காயல. கையில ஒட்டிக்கும், பார்த்துக்குங்க.”

ஓவர்சியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாவாத்தாள் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்பறைக்கு நடந்தாள். பட்டியலில் இன்னும் பதினோரு பெயர்கள் இருந்தன.