நாற்காலி மேதை

"நடக்கிறதா? ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு காலை வைக்கணும். அப்புறம் அந்தக் காலுக்கு முன்னாடி இந்தக் கால். இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றார் பேராசிரியர்.

"யோசிக்கவே வேண்டாம் அத்தான். நடந்தா போதும்," என்றார் டாக்டர். அவர் பேராசிரியர் மனைவியின் தம்பி. அதனால் கேட்ட நேரத்தில் பார்ப்பார், அதட்டவும் செய்வார். "இதயக் குழாய்ல அடைப்பு ஆரம்பிச்சிருக்கு. மூணு மாசம் தர்றேன். உடம்பு அசையலைன்னா ஆபரேஷன்தான்."

வருடாந்தரப் பரிசோதனைக்குத்தான் கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். இப்படி ஒரு இடி விழும் என்று அவள் நினைக்கவே இல்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீயும் துணைக்குக் கூட நடந்தா என்ன?"

"எனக்கு எங்கடா நேரம்? நாளைக்குள்ள பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து முடிச்சு அனுப்பணும். முதல்ல இவரைக் காப்பாத்து!"

காப்பாற்றுவது சுலபமாக இல்லை. பேராசிரியர் தர்க்கவியல் கற்பிப்பவர். வீட்டுக்கு நடைபயிற்சி இயந்திரம் வந்தது. அதன் மேல் ஏறி, தீராத கணக்கு ஒன்றை யோசித்தபடி நடந்தார். விடை தட்டுப்பட்டதும் சட்டென்று நின்றார். பட்டை நிற்கவில்லை. துணி அலமாரியின் காலடியில் போய் விழுந்தார்.

யோகா ஆசிரியை, "மனசைக் காலியா வச்சுக்கங்க," என்றார்.

"காலியா இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதே ஒரு எண்ணம்தானே அம்மா?" என்று கேட்டார் பேராசிரியர். ஆசிரியை மறுநாள் வரவில்லை.

நடன வகுப்பில், முதலில் ஏன் வலது கால் என்று விளக்கம் கேட்டார். அதற்குள் மற்றவர்கள் ஒரு பாட்டு முழுக்க ஆடி முடித்துவிட்டார்கள்.

"புத்திசாலிக்கு உடற்பயிற்சியே ஒத்துக்காது," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மூளைக்குத் தீனி இருந்தா உலகத்தையே சுத்தி வருவேன். இங்கே எனக்குச் சமமா எவன் இருக்கான்?"

அன்று முழுவதும் அவள் குறுக்கெழுத்துக் கட்டங்களையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வாசல் கதவில் ஒரு காகிதம் செருகியிருந்தது. 'பகலெல்லாம் தூங்குவான், இருட்டினால் கண் விழிப்பான். பூங்காவில் ஒற்றைக்கண்ணனின் காலடியில் தேடு. — உனக்குச் சமமானவன்.'

"பூங்கா விளக்குக் கம்பம்!" என்று பேராசிரியர் துள்ளி எழுந்தார். "யாரோ ஒரு மேதை எனக்குச் சவால் விடறான்டி!"

"யாரா இருக்கும்?" என்றாள் அவள், அப்பாவியாக.

போனவர் சட்டைக் கழுத்து நனைந்திருக்கத் திரும்பி வந்தார். கையில் அடுத்த புதிர் இருந்தது. அவள் சமையலறைக்குள் போய், சத்தம் வராமல் சிரித்தாள்.

அதிலிருந்து அவர் குறட்டை விடும் நேரம் பார்த்து எழுந்து, விடிவதற்குள் பூங்காவுக்கும் பாலத்துக்கும் போய்க் காகிதங்களை ஒளித்து வைத்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்கியது. அவருக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் அவருக்கு எதுவும் போதவில்லை.

"மறுபடியும் பாலத்தடியா? சமமானவனுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு போல," என்பார் காபியை உறிஞ்சிக்கொண்டே.

அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். மறுநாள் புதிர் தண்ணீர்த் தொட்டியின் உச்சிப்படியில் இருக்கும்.

"தொட்டியோட சரி. அதுக்குப் பின்னாடி இருக்கிற மலை உச்சிக்கு ஏற அவனுக்குத் தெம்பு ஏது?"

'தெம்பா இல்லை?' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு அவள் மலையும் ஏறினாள். முதல் வாரம் உட்கார்ந்து உட்கார்ந்து. பிறகு உட்காராமல். ஒருநாள் இறங்கும்போது, தன்னை அறியாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் முடிந்து இருவரும் மறுபடி டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் அத்தானைப் பரிசோதித்தார்.

"வந்ததுதான் வந்தே, நீயும் படு," என்று அக்காவையும் விடவில்லை.

எல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஆபரேஷன் வேண்டாம். தப்பிச்சாச்சு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மூளையால் ஒரு உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளத்தான் முடியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க பேசிட்டு வாங்க. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

"லிஃப்ட் அந்தப் பக்கம்க்கா," என்றார் டாக்டர்.

"எதுக்குடா? படி இருக்கே."

படபடவென்று இறங்கிய காலடிச் சத்தம் தேயும்வரை காத்திருந்த பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லுடா. அவ இதயம் இப்ப எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு அத்தான். ஆனா, அடைப்பு அக்காவுக்குத்தான்னு அன்னிக்கே அவகிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உன்கூட வாதாடி ஜெயிச்சிருப்பா. ஜெயிச்சுட்டு அந்த நாற்காலியிலயே உட்கார்ந்திருப்பா." பேராசிரியர் கையை நீட்டினார். "சரி, உன் ஸ்கூட்டர் சாவியைக் கொடு. மலைமேல ஒளிச்சு வைக்கத்தான் போயிருக்கா, போய் எடுத்துட்டு வரணும்."

"இன்னிக்கும் ஸ்கூட்டரா? சட்டைக் கழுத்தை நனைச்சுக்க என் தண்ணி பாட்டில் வேற! ஒரு நாளாவது நடக்கக் கூடாதா அத்தான்?"

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடா," என்றார் பேராசிரியர். "நான் எதுக்கு நடக்கணும்?"