தக்கைக்குள் ஓர் ஊர்

"இன்னிக்கு மட்டும் மூணு பெரியவங்களும் 'பார்த்தோம்'னு கையெழுத்துப் போடட்டும். அப்புறம் உன் புருஷனை எவன் கிறுக்கன்னு சொல்றான்னு பார்க்கலாம்!"

மூக்குக்கண்ணாடி செய்கிற அந்த மனுஷர், பித்தளைத் தகட்டில் பதித்த கடுகளவு கண்ணாடியைச் சட்டைக் கைமடிப்பால் முன்னும் பின்னும் துடைத்தார்.

"பார்த்துங்க. பின்னாடி ஊசியில தக்கைச் சீவல் இருக்கு. மூச்சு விட்டாலே பறந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

அவர் எங்கே கேட்டார்! மனசு அந்தத் தக்கைக்குள் குடிபோய் மாசக்கணக்காச்சு. சாதாரண புட்டித் தக்கைதான். மெலிசாகச் சீவி அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே அறை அறையாக ஓர் ஊரே தெரிந்தது. ஆளில்லாத ஊர். கண்ணை மூடினால் அந்த அறைகளில் நடந்து திரிவதாகவே கனவு. அறிஞர் சபைக்கு எழுதினார். 'நேரில் பார்த்த சாட்சி மூன்று பேர் வேண்டும்' என்று பதில் வந்தது.

முதலில் நீதிபதி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தேன்கூடு மாதிரி தெரியுதுங்களா?"

"அடேயப்பா! தேன்கூடேதான்!"

தலைமையாசிரியர் மட்டும் சளைத்தவரா? "கூடு என்ன கூடு? எனக்கு மாடி வீடே தெரியுது!"

மூன்றாமவர் ஊர் வைத்தியர். மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல."

"நல்லாப் பாருங்க மச்சான்!"

"பார்த்துட்டேன். வெறும் ஊசிதான் தெரியுது. பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படி எழுதுவேன்?"

நீதிபதியும் தலைமையாசிரியரும் நமுட்டுச் சிரிப்போடு கையெழுத்துப் போட்டார்கள்.

"அண்ணா! நாலு பேர் முன்னால அவரைத் தலைகுனிய வெச்சுட்டியே. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!" என்று கத்தினாள் மனைவி. வைத்தியர் படியிறங்கிப் போனார்.

எல்லாரும் போன பிறகு கண்ணாடிக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்தார். "சொந்த மச்சானுக்கே பொறாமை! வயித்தெரிச்சல் பிடிச்ச மனுஷன்!"

"விடுங்க. முதல்ல அந்தக் கையைக் காட்டுங்க. மடிப்புல என்னமோ ஒட்டியிருக்கு, தட்டி விடறேன்."

"ஐயோ, தட்டாதே!"

கைமடிப்பில் வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஒரு மெல்லிய சீவல். அவரே துடைத்து எடுத்தது. ஊசி முனை வெறுமையாக இருந்தது.

"அப்போ... அந்த ரெண்டு பேரும் எதைப் பார்த்தாங்க?" என்றாள் மனைவி.

அவர் எழுந்தார். கையெழுத்துக் காகிதத்தை அடுப்பில் போட்டார். கைமடிப்பை ஏந்தியபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவர் மாதிரி தெருவில் இறங்கினார். அந்தக் கையில் ஓர் ஊரே இருந்ததல்லவா!

வைத்தியர் கதவைத் திறந்தார்.

"மச்சான், ஊசியில ஒண்ணுமே இல்ல," என்றார் கண்ணாடிக்காரர். "மூணு பேர்ல நீங்க ஒருத்தர்தான் நிஜமாப் பார்த்திருக்கீங்க!"